மூன்றடிக் குழி

கருமண்டபம் வீட்டுக் கொல்லையில் தினகரன் சுற்றி உட்கார்ந்து குளிர்காய நெருப்புக் குழி வெட்டி, விறகு மூட்டி, பக்கத்திலேயே பக்கெட் தண்ணீரும் மணலும் வைத்திருந்தான். நாளை மறுநாள் மனைவி காஞ்சனாவுக்கு வயிற்றுக் கட்டி ஆபரேஷன். அதற்குள் ஒரு சாயங்காலமாவது அவள் சிரித்துக்கொண்டு உட்காரட்டுமே என்று நினைத்தான்.

உப்பிலியபுரத்திலிருந்து வந்த மாமனார் வீரமலை குழியை முறைத்துப் பார்த்தார்.

“இவ்வளவுதானா மாப்பிள்ளை?”

“மூணடி போதும் மாமா. பெருசா வெட்டினா ஆபத்து.”

“வேப்ப விறகாவது போட்டிருக்கலாம்.”

“குறை சொல்லாம சாப்பிடுங்கப்பா” என்று உள்ளே அடுப்பில் சுட்ட கோழியை நீட்டினாள் காஞ்சனா.

“வேணாம்.”

“ஏன், உங்க மாப்பிள்ளை சுட்டா கசக்குதா?”

வீரமலை தீ அடங்கியதும் குச்சியை எடுத்துக் கங்குகளைப் பரப்பினார்.

“கிளறாதீங்க மாமா, பொறி பறக்கும். செருப்பு எங்க?”

“வாசல்லயே விட்டுட்டேன்.”

துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு தெரிந்தது.

“வீட்ல நெருப்புக் குழி வெட்டியிருக்கோம், ஞாயித்துக்கிழமை வாங்கன்னு நீங்கதானே கூப்பிட்டீங்க? இவ கட்டி கரையணும்னு எட்டு நாளா விரதம் இருக்கேன். பூக்குழி இறங்கலாமா?”

தினகரன் அவரைப் பின்னால் இழுத்துவிட்டு, பக்கெட்டைக் குழியில் கவிழ்த்தான்.

“என்னங்க மாப்பிள்ளை, சாமி நெருப்பை அணைச்சுட்டீங்க!”

காஞ்சனா குனிந்து பார்த்தாள். அப்பாவின் இரண்டு பாதங்களிலும் மஞ்சள் பூசியிருந்தது.