வேலைநிறுத்தச் சோறு

கொட்டாஞ்சேனை அச்சகத்தில் வேலைநிறுத்தம் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. தொழிற்சங்கப் பொருளாளர் ஜீவராணி பின்தெருத் தேநீர்க் கடையில் பதியுதீன் நானாவைக் கண்டதும் கலங்கிப்போனாள்.

"நானா, சங்கத்துல சல்லி முடிஞ்சிருச்சு. நாளைக்குச் சோறு குடுக்க வழியில்ல. எல்லாரும் வேலைக்குத் திரும்பிருவாங்க."

"நான் பொருளாளரா இருந்த காலத்திலயும் இப்பிடித்தான் தங்கச்சி. சந்தாக் காசு மூணு நாளைக்கு மேல தாங்காது."

பதியுதீன் ஒரு கவரை அவள் கையில் திணித்தார்.

"ரெண்டு நாளைக்கு இது காணும். அதுக்குள்ள முதலாளி இறங்கி வருவார்."

"ரசீது உங்க பேர்லயே போடவா?"

"அல்லாஹ்வே! பேர் மட்டும் வேணாம். இன்னொண்டு, உங்கட கோஷம் காணாது. முதலாளிட காதுல விழோணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீவராணி போராட்டப் பந்தலுக்குத் திரும்பினாள். சற்று நேரத்தில் அச்சகத்தின் மாடியில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"மனேஜர் பதியுதீன் பேசுறேன். உடனே வேலைக்குத் திரும்பாதவர்களுக்கு இந்த மாதச் சம்பளம் கிடையாது!"

ஜீவராணி கவரை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள்:

"மனேஜர் ஒழிக!"