பந்தைக் கவ்வும் டிப்

"இதுவும் வேண்டாம்ணே. இன்னும் கொஞ்சம் மெத்துன்னு இருக்கணும்," என்றாள் டீச்சர்.

குச்சிக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து மூன்று டிப் ஒட்டிப் பிய்த்தாயிற்று. பில்லியர்ட்ஸ் ஆடுகிற குச்சியின் நுனியில் ஒட்டும் சட்டைப் பொத்தான் அளவு தோல். அதற்கா இத்தனை பாடு?

டீச்சர் கிளப்பின் நம்பர் ஒன் ஆட்டக்காரி. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது கணக்கு. ஆட்ட மேஜையில் அவள் போடும் கணக்கு அதைவிடக் கறாரானது. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். அதற்காகத்தான் டிப் மாற்ற வந்திருக்கிறாள் என்று கடைக்காரர் நினைத்தார். ஆனால் கொண்டுவந்த குச்சி அவள் வழக்கமாக ஆடுவதைவிடக் கனமாக இருந்தது. கேட்டதற்கு, இதில்தான் ஒட்ட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கடையின் பின்கட்டில் ஒரு பழைய மேஜை உண்டு. ஒவ்வொரு டிப்பையும் ஒட்டியதும் டீச்சர் அங்கே போய் அடித்துப் பார்த்தாள். அந்த அடியைத்தான் கடைக்காரரால் பார்க்கச் சகிக்கவில்லை.

முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல ஒரு தட்டு. வெள்ளைப் பந்து எதிரே இருந்த பந்தில் முட்டிவிட்டு அப்படியே நின்றுபோனது. இதே டீச்சர் அடித்தால் வெள்ளைப் பந்து முட்டிய வேகத்தில் மேஜையின் இந்தக் கோடிக்கே திரும்பி வருவதைப் பார்க்க ஊரே கூடும்.

"கெட்டி டிப்பா இருந்தா பந்து வழுக்கிடுது. பந்தை ஒரு கணமாவது கவ்வணும்ணே."

"நீங்க எப்பவும் அடிக்கிற மாதிரி அடிங்க டீச்சர். செருப்புத் தோலை ஒட்டினாக்கூடக் கவ்வும்."

அவள் சிரித்தாள். மறுபடியும் அதே தட்டு.

தன் குச்சியை வாங்கிப்போக வந்த டீம் கேப்டன் இதைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றுவிட்டார். அடுத்த அடியில் நுனி வழுக்கி, வெள்ளைப் பந்து கோணலாக ஓடியது.

கேப்டன் நல்ல மனிதர். சுற்றி வளைத்துத்தான் கேட்டார். கையில் வலியா, பரீட்சைப் பேப்பர் திருத்திக் களைப்பா, உடம்புக்கு முடியவில்லையா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொன்னாள் டீச்சர்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். ஃபைனலுக்கு வேற ஆளை இறக்கலாம்னு பாக்கறேன்."

டீச்சரின் கை நின்றது. அந்த ஒரு ஆட்டத்துக்காக வருஷம் முழுக்க உழைத்தவள். தெருவில் நின்ற தன் காரை ஒருமுறை பார்த்தாள்.

"சரிங்க கேப்டன். டீமுக்கு எது நல்லதோ செய்யுங்க."

அவர் போனதும் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. உங்கள் அடியை ஒரே ஒரு தடவை அடித்துக் காட்டியிருந்தால் அவர் வாயைத் திறந்திருப்பாரா என்று கடிந்துகொண்டார். ஒன்று, இவளுக்குக் கை போய்விட்டது, இல்லாவிட்டால் தலைக்கனம் என்று மனதுக்குள் முடிவும் கட்டிவிட்டார்.

டீச்சரோ, பன்றித்தோலை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த டிப் ஒன்று இருப்பதாகச் சொன்னீர்களே, அதைப் போடுங்கள் என்றாள்.

வேண்டாவெறுப்பாக ஒட்டினார். ஓரத்தைச் சீவி, முனையை உருண்டையாக்கி, உப்புத்தாளால் மேலாகச் சொரசொரப்பாக்கி, நீலச் சாக்கட்டியைத் தடவிக் கொடுத்தார்.

அதே தட்டு. வெள்ளைப் பந்து முட்டியது, தயங்கியது, பிறகு மெல்ல ஒரு சாண் தூரம் பின்னால் உருண்டு வந்தது.

கோப்பை வாங்கிய நாளில்கூட டீச்சர் முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை. "இதுதான்ணே," என்றாள். பிறகு தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டாள். கொஞ்ச நேரம் ஷட்டரைப் பாதி இறக்கி வைக்க முடியுமா? கிளப் ஆட்கள் யாரும் உள்ளே வரக் கூடாது.

அவர் தலையாட்டியதும் வெளியே போய், காரிலிருந்து தன் கணவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சருக்குச் சரிசமமாக ஆடிய மனிதர். வேலை மாறி வெளியூர் போய்விட்டார் என்றுதான் கிளப்பில் பேச்சு. இப்போது வலது காலை இழுத்து இழுத்து வந்தார். வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது.

"பக்கவாதம்," என்றார் அவரே, கூச்சத்தோடு. "கிளப்புல சொல்லிடாதீங்க. ஆளாளுக்குப் பாவம்னு வந்து நிப்பாங்க." போன மாதம் ஒரு தடவை அடித்துப் பார்த்தாராம். பந்து திரும்பி வர மறுத்ததாம். இனிக் குச்சியைத் தொடுவதில்லை என்றிருந்தவரை மனைவிதான் விடாமல் நச்சரித்து இழுத்து வந்தாளாம்.

டீச்சர் அந்தக் கனமான குச்சியை அவரிடம் நீட்டினாள். அவருடைய குச்சிதான் அது. கேப்டன் முன்னால் அவள் தன் அடியை அடித்துக் காட்டியிருந்தால், பின் யாருக்காக இந்தத் தட்டு என்றல்லவா அவர் கேட்டிருப்பார் என்று கடைக்காரருக்கு இப்போதுதான் உறைத்தது.

அவர் குனிந்து மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். காலையிலிருந்து கடைக்காரர் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அதே தட்டு.

வெள்ளைப் பந்து ஒரு சாண் தூரம் திரும்பி வந்தது.

இன்னொரு தடவை அடித்தார். வந்தது. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, கையில பலம் வருது போலிருக்கே?"

டீச்சர் பந்தை எடுத்து மறுபடி அவர் முன்னால் வைத்தாள். அதற்குள் அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"டிப் ஏதாவது மாத்தினீங்களா?"

கடைக்காரர், பிய்த்துப் போட்டிருந்த தோல் துண்டுகளைப் வேலைப் பலகையிலிருந்து ஒரேயடியாகக் கைக்குள் வழித்துக்கொண்டார்.

"இல்லையே சார். உங்க பழைய டிப்புதான். தூசி தட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான்."