கொஞ்சம் தள்ளிப் படுங்க, மேஜரய்யா

"புஷ்பம்! புள்ளையப் புடிச்சுக் கட்டு! மேஜரய்யா வாலை இழுக்குறான் பாரு!"

பெரிய கங்காணி பழனியாண்டி போட்ட சத்தத்தில் மருமகள் புஷ்பம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். இரண்டு வயது செல்லையா நாயின் வாலை விட்டபாடில்லை. நாய் பல்லைக் காட்டி உறுமியது.

"நாயைக் கட்டக்கூடாதா மாமா? புள்ளைய எதுக்குக் கட்டணும்?"

"நாயா? நாக்கை அறுத்துப்புடுவேன். மேஜருன்னா பட்டாளத்துல எவ்வளவு பெரிய பதவி தெரியுமா? சும்மாவா தொரை அந்தப் பேரை வச்சிருக்காரு?"

அப்புறம் என்ன! பழைய சேலைத் துண்டால் பேரனைத் தூணில் கட்டினார்கள். நாய் பாயில் போய்ப் படுத்தது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

விஷயம் இதுதான். இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அந்தத் தோட்டத்துத் துரை எட்டு மாத லீவில் சீமைக்குப் போனார். போகும்போது தன் கிழட்டு நாயைக் கங்காணியிடம் ஒப்படைத்தார்.

"நாய்க்கு ஏதும் வந்தா, உனக்குப் பத்துச்சீட்டு" என்றார்.

பத்துச்சீட்டு கைக்கு வந்தால் வேலையும் போச்சு, வீடும் போச்சு. குடும்பத்தோடு நடையைக் கட்ட வேண்டியதுதான். முந்நூறு பேரைக் கட்டி மேய்க்கிற கங்காணிக்கு அன்றைக்குப் பிடித்தது நடுக்கம்.

வீட்டில் சட்டம் போட்டார். நாயை யாரும் 'வா, போ' என்று பேசக்கூடாது.

"சாப்புட வாங்க, மேஜரய்யா. ஆட்டுக்கறி ஆறுது."

"கொஞ்சம் தள்ளிப் படுங்க, மேஜரய்யா. வீடு கூட்டணும்."

சொல்லும்போதெல்லாம் புஷ்பத்துக்கு வயிறு எரியும். இந்த வீட்டில் தன்னை யாராவது ஒருநாள் 'வாம்மா' என்று கூப்பிட்டதுண்டா?

வாசலுக்கு வரும் ரப்பர் பால் வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி வேறு தமிழ் வைத்திருந்தார். "டேய், தள்ளுடா! பால் வாளியைத் தூக்குடா!" அந்தச் சத்தம் அவர்கள் குடியிருக்கும் லயம் வரைக்கும் கேட்கும்.

செல்லையாவுக்கு அப்போதுதான் பேச்சு வர ஆரம்பித்திருந்தது. ஒருநாள் வாலை இழுக்காமல் நாயின் முன்னால் குந்தினான்.

"தள்ளுங்க" என்றான்.

நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. முனகிக்கொண்டே எழுந்து பாதிப் பாயை விட்டுக் கொடுத்தது. அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

அன்றோடு உறுமல் நின்றது. காதைப் பிடித்தால் பொறுத்துக்கொள்ளும். தாங்க முடியாவிட்டால் எழுந்து போய்விடும், இவனும் பின்னாலேயே போய்த் தொந்தரவு பண்ண மாட்டான். ரொட்டியில் பாதி அதற்கு. தூணில் போட்ட சேலைக் கட்டும் அவிழ்ந்தது. புஷ்பத்துக்கே அந்தக் கிழட்டு நாய்மேல் பாசம் வந்துவிட்டது என்றால் பாருங்கள்.

துரை திரும்பி வந்தார். வந்த மறுநாளே நாயைக் கூட்டிப்போகக் கங்காணி வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக ஓடி வந்து கும்பிட்டார். துரை நேரே உள்ளே வந்து, ரொட்டியோடு நின்ற செல்லையாவுக்கும் நாய்க்கும் நடுவில் நின்றார்.

செல்லையா அண்ணாந்து பார்த்தான்.

"டேய்! தள்ளுடா!" என்றான், தாத்தா வாசலில் போடும் அதே சத்தத்தில்.

கங்காணி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "ஐயோ, தெரியாமப் பேசிட்டானுங்க தொரை! பத்துச்சீட்டு மட்டும் குடுத்துராதீங்க!"

துரை முழித்தார். "என்ன தப்பு? ரொம்ப நல்ல தமிழ். நான் பேசறது இதே தமிழ்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவர் படித்த தமிழில் வா, போ, வெட்டு, தூக்கு எல்லாம் இருந்தது. 'ங்க' மட்டும் இல்லை.

கங்காணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

"கம் ஹியர், மேஜர்!" என்றார் துரை.

நாய் வாலை ஆட்டியது. எழுந்திருக்கவில்லை.

"மேஜர், வா! டேய், வா!"

ம்ஹும்.

துரையின் முகம் சிவந்தது. "கங்காணி! நாய்க்கு என்ன செஞ்ச?"

கங்காணி எழுந்து கும்பிட்டார். "ஒண்ணுமே செய்யலைங்க தொரை... நல்லாத்தான் இருந்துச்சுங்க..."

செல்லையா ரொட்டியை நீட்டினான். "வாங்க."

நாய் சட்டென்று எழுந்து நடந்தது. எட்டு மாதமாக அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஆட்டுக்கறி வந்திருக்கிறதே, எழாமல் என்ன செய்யும்!

துரை அசந்துபோனார். "வாங்க? இது என்ன பேச்சு?"

"அது... மரியாதைப்பட்டவங்களுக்குச் சொல்றதுங்க தொரை" என்றார் கங்காணி.

"ஓ! இத்தனை வருஷம் யாரும் சொல்லித் தரல்ல."

"தொரைக்குத் தேவைப்படலைங்களே" என்றாள் புஷ்பம், கதவுக்குப் பின்னாலிருந்து. நல்லவேளை, துரை காதில் அது விழவில்லை.

துரை இடுப்பை வளைத்துக் குனிந்தார். "வாங்க, மேஜர். வாங்க... வாங்க..."

நாய் அவர் பின்னால் போய்க் காரில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தது. செல்லையா ஓவென்று அழுதான். புஷ்பம் அவனைத் தூக்கிக்கொண்டாள், அவளுக்கும் கண் கலங்கியது.

துரைக்கு ஏக சந்தோஷம், புதுத் தமிழ் படித்தாயிற்றே! சிரித்த முகத்தோடு கங்காணியைத் திரும்பிப் பார்த்தார். இனித் தனக்கும் ஒரு 'வாங்க' கிடைக்கும் என்று கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

"டேய் பழனியாண்டி," என்றார் துரை, "மேஜர் ஐயா ஏறியாச்சு, கதவைச் சாத்துடா!"