ஆள் பிடிக்கிறவன்

"பேச்சிமுத்துவும் போயிட்டாரு!" கைப்பையைச் சோபாவில் வீசிவிட்டு உட்கார்ந்தாள் ஷமா. "இந்த வருசத்துல அஞ்சாவது இன்ஜினியர். ஆளத் தேடி எடுத்து, டிரெயினிங் குடுத்து, பக்குவமா வந்ததும் பிரைவேட்காரன் கொத்திட்டுப் போயிர்றான்."

"மொதல்ல டீயக் குடி" என்று டம்ளரை நீட்டினான் ரஃபீக். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன். மனைவி வரும் நேரத்துக்கு டீ போட்டுவைப்பது அவன் வழக்கம்.

அகரம் பக்கத்தில் உள்ள ஓர் அரசு நிறுவனத்தில் ஷமா மனிதவள அதிகாரி.

"எல்லாம் அந்த லிங்க்ட்இன்னால வந்த வினை. இளஞ்செழியன்னு ஒருத்தன் அதுல உக்காந்துக்கிட்டு எங்க ஆளுங்களுக்கா பாத்து மெசேஜ் போடுறான். அவனுக்குப் படமும் கெடையாது, போன் நம்பரும் கெடையாது."

"எல்லாரும்தான் அதுல பேரு, படிப்பு, வேலைன்னு போட்டு வச்சிருக்காங்க. பாத்துட்டுக் கூப்பிடுறான். இதுல என்ன இருக்கு?"

"இருக்குங்க! பேச்சிமுத்துவுக்கு டிரான்ஸ்பர் இல்லன்னு நான் ஃபைல்ல எழுதுன மறுநாளே, 'சொந்த ஊர்லயே வேலை'ன்னு அவருக்கு மெசேஜ் வருது. மகேஸ்வரிக்குப் பிரமோஷன் தள்ளிப்போச்சு. அது அவங்களுக்கே தெரியாது. அதுக்குள்ள 'மேனேஜர் பதவி தாரோம்'னு கூப்பிடுறான். யா அல்லா, யாருக்கு என்ன மனக்கொறைன்னு அவனுக்கு எப்புடித் தெரியுது?"

"உங்க ஆபீஸ்லயே எவனாச்சும் சொல்லியிருப்பான்."

"அந்த எவனாச்சும் நான்தானாம்! எங்க ஜி.எம். மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாரு. நாளைக்கு விளக்கம் எழுதிக் குடுக்கணும். இல்லாட்டி சஸ்பென்ஷன். இம்புட்டு வருசம் உழைச்சதுக்கு இதுதான் பேரு!"

ரஃபீக் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். "ஒன்னப் பத்தி அவருக்குத் தெரியாதா? விடு."

"எப்புடி விடுறது? டிசைன் செக்‌ஷன்ல ஜெஸ்ஸின்னு ஒரு பொண்ணு. கெட்டிக்காரி. கைப்புள்ளைய வச்சிக்கிட்டு லீவு கேட்டுச்சு. மேல முடியாதுன்னுட்டாங்க. அந்தப் பொண்ணையும் அவன் தூக்கிட்டான்னா நான் தொலைஞ்சேன்."

"டிசைன்லயா?"

"ஆமாங்க."

"பாவம்" என்றபடி ரஃபீக் எழுந்தான். "செத்த நேரம் படு. எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு. முடிச்சிட்டு வாரேன்."

அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். ஷமா டீயைத் தொடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

டீயில் ஆடை படிவதற்குள் போன் அதிர்ந்தது.

'வணக்கம் ஜெஸ்ஸி. கைக்குழந்தை உள்ள இன்ஜினியர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை தருகிறோம். பேசலாமா? இப்படிக்கு, இளஞ்செழியன்.'

ஜெஸ்ஸி என்று அவள் அலுவலகத்தில் யாருமே இல்லை. அன்று மதியம் அந்தப் பெயரில் லிங்க்ட்இன் கணக்கைத் தொடங்கியவள் ஷமாதான். கைக்குழந்தைக் கதையை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள்.