மஞ்சள் கூலிங் கிளாஸ்

கணவனின் பிரேம் கடையில் பரிசுப் பொருட்களும் வைக்கலாம் என்று அடம்பிடித்தவள் ஜெசிந்தாதான். "செத்தவங்க படத்துக்குப் பிரேம் போட வர்றவங்க பொம்மையா வாங்குவாங்க?" என்றான் அருளப்பன். வைத்து ஒரு மாதமாகியும் அவற்றில் ஒன்றும் விற்கவில்லை.

அன்று ஒரு பெரியவர் தன்னுடைய படத்தையே நீட்டினார். "நான் போனப்புறம் மாட்டுறதுக்கும்மா. பிள்ளைங்ககிட்ட விட்டா கண்டதையும் மாட்டிருவாங்க." படத்தில் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா பிரேம்களை எடுத்து வருவதற்குள், பரிசு அலமாரியிலிருந்த மஞ்சள் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்று, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதைக் குடும்மா. பிரேம் அப்புறம். வேற படம் எடுக்கணும்."

"வந்த வேலையும் போச்சு," என்று முணுமுணுத்தான் அருளப்பன்.

மறுநாள் காலை பெரியவர் தன் வயதுக்காரர்கள் நான்கு பேரோடு வந்தார். "ஸ்டுடியோவுக்குப் போறோம். இவங்களுக்கும் ஆளுக்கொண்ணு."

அலமாரியில் மூன்றுதான் இருந்தன. நான்கு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.