பால்கனி மூலை

குராம் முதல் சட்டத்தை நிறுத்தி ஆணி அடித்து முடிப்பதற்குள் லமாரா ஓடிவந்து பால்கனியின் குறுக்கே நின்றுகொண்டாள்.

முடியாது என்றாள். கழற்று என்றாள்.

குராமுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறாதா பின்னே? வசந்தத்தில் அவன் வீட்டில் உட்கார்ந்து அவன் ஒயினைக் குடித்துவிட்டு, குழந்தை வரப்போகிற வீடு, தாராளமாக அடைத்துக்கொள் என்று முதலில் தலையாட்டியவளே இவள்தான்.

திபிலிசி நகரின் அந்தப் பழைய வீடு ஒரு காலத்தில் ஒரே வியாபாரியுடையது. பிறகு வந்த அரசாங்கம் அறைக்கொரு குடும்பத்தைக் குடிவைத்தது. முற்றத்தைச் சுற்றி ஓடும் மரப் பால்கனியை மட்டும் யாராலும் பங்குபோட முடியவில்லை. கடைசி வீட்டு லமாரா படிக்கட்டுக்குப் போக வேண்டுமானால் குராமின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

குராமுக்கு இருந்ததோ இரண்டே அறைகள். மருமகள் தேயாவுக்கு இது எட்டாவது மாதம். தொட்டில் போட இடமில்லை. வாசலுக்கு முன்னால் பால்கனியைக் கண்ணாடிச் சட்டம் வைத்து அடைத்தால் ஓர் அறை கிடைக்கும். முற்றமே சம்மதித்துவிட்டது; இப்போது பேச்சு மாறி நிற்பவள் இவள் ஒருத்திதான்.

"ஒரு ஆள் போக வழி விட்டுத்தானேக்கா அடைக்கிறேன்? உங்க வீட்டுல இருந்து என்ன குதிரை வண்டியா வரப்போகுது?"

கடைசி வீட்டின் திறந்த ஜன்னலுக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. லமாராவின் கணவர் வாலிக்கோ. வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து போன வாரம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று லமாராதான் வீடுவீடாகப் போய்ச் சொன்னாள்.

"அவ கெடக்கா குராம், நீ அடி!" என்றார் வாலிக்கோ.

லமாரா ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, கனமான எதையோ ஒரு முனையில் பிடித்துத் தூக்குவதைப் போல இரண்டு கைகளையும் இடுப்புயரத்தில் ஏந்தினாள். அப்படியே பின்பக்கமாக நடந்து, பால்கனி வளையும் மூலைக்கு வந்தாள். அங்கே மெல்லத் திரும்பினாள்.

அவள் முழங்கை புதுச் சட்டத்தில் இடித்தது.

மறுபடியும் திரும்ப முயன்றாள். மறுபடியும் இடித்தது.

இவளுக்கு என்ன பைத்தியமா என்று கேட்க வாயெடுத்த குராம் அப்படியே நின்றுவிட்டான்.

அந்த முற்றத்தில் யார் இறந்தாலும் வீட்டில் வைத்து அழுதுவிட்டு, அண்டைவீட்டு ஆண்கள் கைகளில் ஏந்தி இந்த வழியாகத்தான் இறக்குவார்கள். அவன் அப்பாவின் சவப்பெட்டியை இதே மூலையில் திருப்பியபோது முன்னால் பிடித்தவன் அவன். பின்னால் பிடித்தவர் வாலிக்கோ.

குராம் ஜன்னலைப் பார்த்தான். லமாராவைப் பார்த்தான். அவருக்குத் தெரியுமா என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

அவள் இல்லை என்று தலையசைத்தாள். பாவம், இத்தனை நாளும் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

குராம் சுத்தியலை மெல்லக் கீழே வைத்தான்.

"என்ன, சத்தத்தையே காணோம்? ரெண்டு பேரும் சமாதானமாயிட்டீங்களா?" உள்ளேயிருந்து வாலிக்கோ கேட்டார். இம்முறை குரலில் சிரிப்பு இல்லை.

லமாராவின் முகம் வெளிறியது.

"சமாதானமா? இந்தப் பிடிவாதக்காரியோட எப்படித்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனீங்களோ, வாலிக்கோ அண்ணா! பேச்சு மாறுன பொம்பள! கல்நெஞ்சுக்காரி!" முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான் குராம்.

லமாரா ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்குச் சளைக்காமல் திருப்பிக் கத்தினாள்.

உள்ளே வாலிக்கோ வாய்விட்டுச் சிரித்தார். குராம் அவளை விடாமல் திட்டிக்கொண்டே சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தான்.