ஐந்தும் சரி

மேசையின் தலைப்பக்கம் முதலாளி அரங்கசாமி. அவருக்கு வலப்புறம் மகன் சசிதர். இடப்புறம் கணக்கு மேலாளர் கிருபாசங்கர். கதவை ஒட்டி, மடியில் லேப்டாப்போடு, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலுமணி.

ஐந்தாவது ஆளான கிடங்கு குமாஸ்தா ராசாத்தாளுக்கு நாற்காலி இல்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி, கருமத்தம்பட்டித் தறிக்கூடத்தில் இருந்தாள். மேசை நடுவில் ஸ்பீக்கரில் போட்டு வைத்த போன்தான் அவள்.

திங்கட்கிழமை விழுந்த இடியில் பெரியநாயக்கன்பாளையம் தலைமை அலுவலகத்தின் நாலு கம்ப்யூட்டரும் ஒருசேரப் போயின. எல்லாம் இருபது வருடப் பழசு. பதிவுகளை நகலெடுத்து வைக்கும் டேப் டிரைவ் வேலை செய்வது கருமத்தம்பட்டியில் இருக்கும் ஐந்தாவதில் மட்டும். அதனால் தினமும் மதியம் ஐந்தின் பதிவுகளும் லைன் வழியாக அங்கே போய், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே டேப்பில் ஏறும்.

கிழமைக்கு ஒரு டேப். மாட்டுவது ராசாத்தாள்.

ஏறி முடிந்ததும் "ஐந்தும் சரி" என்று திரையில் வரும். பதினோரு வருடமாக வந்தது. டேப்பில் இருப்பதைத் திரும்ப எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை.

நேற்று எடுத்துப் பார்த்தார்கள். ஆறு டேப்பிலும் ராசாத்தாளின் கிடங்குப் பதிவு மட்டும் பத்திரமாக இருந்தது. மற்ற நாலும் இல்லை.

"ஏப்பா வேலுமணி," என்றார் முதலாளி. "இடி உழுந்தது நம்ம தலையில. பொழைச்சது அந்தம்மாளோடது மட்டும். அதெப்படி?"

சசிதர் போன் பக்கம் குனிந்தார்.

"ஏனுங்க்கா, உங்க சாமிகிட்ட எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

கிருபாசங்கர் சிரித்தார். போன் சிரிக்கவில்லை. சொன்ன டேப்பைச் சொன்ன கிழமையில் மாட்டியதாகவும், அதற்கு மேல் தனக்கு எதுவும் தெரியாது என்றும் சொன்னது.

தப்பு யாருடையது என்று இரண்டு மணிக்குள் வேலுமணி எழுதித் தர வேண்டும் என்றார் முதலாளி. அந்தம்மாளுடையதுதான் என்றால் இன்றோடு நிறுத்திவிடலாம். போனை அணைக்காமலே சொன்னார்.

ராசாத்தாளுக்குப் புருஷன் இல்லை. மகள் வர்ஷினி நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அந்த அறையில் எல்லோருக்கும் அது தெரியும்.

எல்லோரும் எழுந்து போன பிறகும் வேலுமணி உட்கார்ந்திருந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். முதலாளி, சின்னவர், கணக்கு, தான், கடைசியில் போன்.

டேப்பில் ஏற வேண்டிய வரிசையைப் பதினோரு வருடத்துக்கு முன் எழுதியபோதும் இதே மரியாதையைத்தான் பார்த்திருந்தார். முதலாளியைப் பின்னால் போட முடியுமா?

அப்படியானால் கடைசியில் போட்டது மட்டும் எப்படித் தங்கியது?

லேப்டாப்பில் கருமத்தம்பட்டிக் கம்ப்யூட்டருக்குள் போய், தான் எழுதிய கட்டளைக் கோப்பைத் திறந்தார்.

டேப் டிரைவைக் கூப்பிட இரண்டு பெயர்கள் உண்டு. ஒரு பெயரைச் சொன்னால், எழுதி முடித்ததும் டேப்பை ஆரம்பத்துக்கே சுற்றிவிடும். இன்னொன்றைச் சொன்னால், எழுதிய இடத்திலேயே நிற்கும்.

அவர் எழுதியிருந்தது முதல் பெயர்.

முதலாளியுடையதை எழுதி, டேப் ஆரம்பத்துக்குச் சுற்றி, அதன் மேலேயே சின்னவருடையது. அதன் மேல் கணக்கு. அதன் மேல் அவருடையது. எல்லாவற்றுக்கும் மேல் ராசாத்தாளுடையது. அவளுக்குப் பின்னால் எழுத யாரும் இல்லை. அதனால் அது தங்கியது. திரை எண்ணியது எழுதி முடித்ததை மட்டும்; தங்கியதை அல்ல.

கோப்பின் தலைப்பில் எழுதியவர் பெயரும் தேதியும் ஒழுங்காக இருந்தன. எதை எழுதினாலும் மேலே பெயரும் தேதியும் போட வேண்டும் என்பது கோபிசெட்டிபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம்.

இரண்டாவது பெயரைப் போட்டார். இன்றைய தேதியிட்டார். பழைய கோப்பின் மேலேயே சேமித்தார்.

போனில் ராசாத்தாளைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை டேப்பை மாட்டச் சொன்னார்.

"மாட்டிப்போட்டனுங்க சார். ஓட்டுங்க."

புது டிஸ்க் போட்ட நாலு கம்ப்யூட்டரிலிருந்தும் ஆளுக்கொரு சோதனைக் கோப்பு போனது. ஐந்தாவதாக அவளுடையது. முடிந்ததும், இந்த முறை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்தார். ஐந்தும் இருந்தன.

"அஞ்சும் வந்துருச்சுங்களா சார்? அப்ப என்ற மேல தப்பில்லைன்னு ஆயிப்போச்சுங்கல்ல?"

"ஆமாங்க அம்மணி," என்றார் வேலுமணி. "உங்க மேல தப்பில்லீங்க."

இரண்டு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கடிதம் எழுத உட்கார்ந்தார்.

பொருள் எழுதினார். பார்வை எழுதினார். முதல் பத்தியில் இடி விழுந்த நாளும் நேரமும். இரண்டாவதில் ஆறு டேப்புகளின் நிலை, கிழமை வாரியாக. மூன்றாவதில் இன்றைய சோதனை: அதே லைனில், அதே டேப் டிரைவில், தன் நேரடிக் கண்காணிப்பில் ஓட்டியபோது ஐந்தும் பிசகில்லாமல் ஏறின. ஆகவே கருவிகளில் குறையேதும் இல்லை.

அதுவரை எழுதியதில் பொய் கிடையாது.

நான்காவது பத்தி ஒரே வரி. இதுநாள்வரை டேப்பை மாட்டி வந்தவரின் கவனக்குறைவே காரணம் எனத் தெரிகிறது.

பெயரும் தேதியும் போட்டார்.

முதலாளி படித்துப் பார்த்து, நீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டையும் மடித்து ஒரே உறையில் வைத்து, கோந்து தடவி ஒட்டி, 'மேலாளர், கருமத்தம்பட்டித் தறிக்கூடம்' என்று எழுதி, மூன்று மணி வேனில் போகும் தபால் பையில் போட்டார் வேலுமணி.

கருமத்தம்பட்டியில் அந்தப் பையைப் பிரித்து, உறைகளைத் திறந்து, பதிவேட்டில் எண்ணும் தேதியும் போட்டு, மேலாளர் மேசையில் கொண்டுபோய் வைப்பது ராசாத்தாள். இதுவரை ஒரு கடிதத்தையும் அவள் பதியாமல் விட்டதில்லை.